பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு ஆட்ட நேரம் தரலாம்?

கேள்வி: எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நன்றாக ஆடுகிறான். மூத்த மாணவர்களுக்கு நடுவே அவனுக்கு இப்போதே அதிக நேரம் தரலாமா, ஓராண்டு காத்திருக்க வேண்டுமா?

இப்போதே இறக்குங்கள். எத்தனை நிமிடம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கொடுக்கும் நிமிடங்களை இடையில் பிடுங்கமாட்டேன் என்று முதலில் உங்களுக்கு நீங்களே உறுதி சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் பள்ளி அணியில் இருந்த இரண்டு ஆண்டுகளும் ஒரே மாதிரி கழிந்தன. பயிற்சியாளர் என்னை இறக்குவார்; ஒரு பாஸ் தவறினால் போதும், அடுத்த விசிலில் வெளியே அழைத்துவிடுவார். பந்து கைக்கு வந்தால் வளையத்தைப் பார்க்க வேண்டும். நான் பெஞ்சைப் பார்த்தேன். அந்தப் பழக்கம் போவதற்கு எனக்குக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதனால்தான் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இதற்கு ஒரு நல்ல சோடி உண்டு. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல், கோபி பிரையன்ட் 13ஆவதாகவும் ஜெர்மைன் ஓ'நீல் 17ஆவதாகவும் தேர்வானார்கள். இருவருமே கல்லூரிக்குப் போகாமல் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். கோபிக்கு முதல் ஆண்டில் கிடைத்தது ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினைந்தரை நிமிடம். அந்தப் பருவம் 1997 மே மாதம் யூட்டாவில் முடிந்தது. நான்காவது குவார்ட்டரின் கடைசி ஷாட்டை அவரிடம் விட்டார்கள். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. கூடுதல் நேரத்தில் மேலும் மூன்று ஷாட்கள் அதேபோல் காற்றில் போயின. அவருடைய அணியான லேக்கர்ஸ் வெளியேறியது. பதினெட்டு வயதுப் பையனை ஓரம் கட்ட இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவருடைய நேரம் 26 நிமிடமாக உயர்ந்தது. மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய 38. எனக்கு அந்த நான்கு ஷாட்களைவிட, அவற்றுக்குப் பின்னும் உயர்ந்த இந்த எண்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஓ'நீல் போய்ச் சேர்ந்த போர்ட்லேண்ட் அணியில் சபோனிஸ், ரஷீத் வாலஸ், பிரையன் கிராண்ட் என்று வளையத்துக்கு அருகே ஆடும் முன்வரிசை நிரம்பியிருந்தது. நான்கு ஆண்டுகளில் எந்த ஆண்டும் அவருடைய சராசரி 14 நிமிடத்தை எட்டவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒன்பதுக்கும் கீழே இறங்கியது. 2000இல் இந்தியானாவுக்கு மாறியதும் 32 நிமிடத்துக்கு மேல் ஆடினார். 2002இல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார், அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதையும் பெற்றார். போர்ட்லேண்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் கோப்பைக்காக ஆடிய அணி. ஆனால் ஓ'நீலுக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க ஒப்பந்தம் இருந்தது, சம்பளம் இருந்தது. உங்கள் பையனுக்குப் பள்ளியில் மிச்சம் இருப்பதே இரண்டு ஆண்டுகள்தான்.

லெப்ரான் ஜேம்ஸ் முதல் ஆண்டே 39 நிமிடம் ஆடவில்லையா என்று யாராவது கேட்பார்கள். அவரை அளவுகோலாக வைத்து எந்தப் பள்ளி அணியையும் நடத்த முடியாது.

நான் பின்பற்றச் சொல்வது சான் அன்டோனியோ அணியின் பயிற்சியாளராக இருந்த கிரெக் போபோவிச்சை. 2001இல் பத்தொன்பது வயதான டோனி பார்க்கரை முதல் ஐவரில் ஒருவராக இறக்க அவருக்கு நான்கு ஆட்டங்களே தேவைப்பட்டன. அதே போபோவிச் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை அவரிடம் அவசரப்பட்டு ஒப்படைக்கவில்லை. 2003 இறுதிப் போட்டியில் கோப்பையை வென்ற ஆறாவது ஆட்டத்தை முடித்துவைத்த பாயிண்ட் கார்ட் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஸ்பீடி கிளாக்ஸ்டன். பார்க்கர் அப்போது பெஞ்சில். நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அதே பார்க்கர். ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு வேலை, முடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் தர வேண்டியதில்லை.

உங்கள் அணிக்கு வருகிறேன். பத்து நிமிட குவார்ட்டர் நான்கு ஆடுகிறீர்கள் என்றால், இரண்டாவது குவார்ட்டர் முழுவதும் அவனுடையது என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அவன் காதில் மட்டும் சொன்னால் போதாது, மூத்தவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவனுக்கு யாரும் பாஸ் தர மாட்டார்கள். வேலையும் ஒன்றே ஒன்று கொடுங்கள்: தன் ஆளை விடாமல் காக்க வேண்டும். ஷாட் தவறினால், பந்து பறிபோனால் வெளியே எடுக்காதீர்கள். பந்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடாமல் நின்றால் எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று உடனே உட்காரவைத்துச் சொல்லுங்கள். மூன்று ஃபவுல் ஆகிவிட்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஐந்தாறு ஆட்டம் இப்படிப் போகட்டும். எதிரணி அவனைத் தேடித் தேடிப் பந்தைக் கொண்டுபோவது நின்றால் மூன்றாவது குவார்ட்டரிலும் பாதி கொடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை, பத்துப் புள்ளிக்கு மேல் முன்னிலையில் இருக்கும் ஆட்டங்களில் முதலில் கொடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும் போட்டிகளில் எச்சரிக்கையாக இருங்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கு அவன் ஆடக் கூடாது, எதிரில் யார் இருந்தாலும் சரி. அவனாக வந்து சொல்ல மாட்டான், நீங்கள்தான் கேட்க வேண்டும்.