கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால்: எதை எதோடு விடலாம்?

கேள்வி: ஐயா, தோட்ட வேலைக்கு நடுவே சின்ன அளவில் வண்ண மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். போர் தண்ணீர்தான், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் நான்கும் குட்டி போடுகிற சாதுவான மீன்கள், ஒன்றாகவே விடலாம் என்கிறார்கள். கூடவே ஏஞ்சல் இரண்டும் ஃபைட்டர் ஒன்றும் விட ஆசை. குட்டிகளைத் தேற்றி விற்கவும் எண்ணம். எதை எத்தனை விடலாம்?

பதில்: உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். இந்த நான்கும் பொதுவாக ஒன்றையொன்று கடித்துக் குதறாது, நான்குக்கும் ஏறக்குறைய ஒரே தண்ணீர் போதும். தொட்டியை அழகுக்கு மட்டும் வைப்பவருக்கு இந்தப் பதில் போதும். நீங்களோ குட்டியை விற்கப் போகிறீர்கள். அப்படியானால் எது எதோடு சண்டை போடும் என்று பார்ப்பதோடு எது எதோடு இணையும் என்றும் பார்த்தாக வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பிளாட்டியும் வாள்வாலும் நெருங்கிய சொந்தம். ஒரே தொட்டியில் விட்டால் தாராளமாகக் கலந்து குட்டி போடும், அந்தக் குட்டிகளும் வளர்ந்து மேலும் குட்டி போடும். இரண்டு மூன்று தலைமுறையில் உங்களிடம் இருப்பது பிளாட்டியும் இல்லை, வாள்வாலும் இல்லை: உடம்பு கொஞ்சம் நீண்டு, வால் நுனியில் முளைத்தும் முளைக்காத ஒரு குச்சியோடு நிற்கும். வாங்க வருபவர் எந்தப் பெயரில் வாங்குவார்? சந்தையில் இப்போது கிடைக்கும் சிவப்பு, கறுப்பு ரகங்களில் பலவும் பழைய கலப்பில் வந்தவைதான் என்பது உண்மை, ஆனால் அது தெரிந்தே தேர்ந்தெடுத்துச் செய்த கலப்பு. கறுப்புப் புள்ளி உள்ள சில பிளாட்டிகளை வாள்வாலோடு கலந்து, பிறந்ததை மறுபடியும் வாள்வாலோடு கலந்தால் அந்தப் புள்ளிகள் பரவித் தோல் புற்றுநோய்க் கட்டியாகவே மாறுவதுண்டு. 1920-களிலிருந்து ஆய்வுக்கூடங்களில் புற்றுநோயைப் படிக்க இந்தக் கலப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பிக்கும், அதன் நெருங்கிய சொந்தமான எண்ட்லர் என்ற சின்ன மீனுக்கும் இதே கதைதான், சேர்த்து விட்டால் இரண்டும் கலந்துவிடும். மோலியில் கறுப்பு மோலி, பாய்மர மோலி என்று எத்தனை ரகம் வைத்தாலும் எல்லாம் தங்களுக்குள் கலக்கும். கப்பியும் மோலியும் கலப்பது அபூர்வம், கலந்தாலும் பிறப்பவை பெரும்பாலும் மலடு. ஆக, கப்பி - மோலி பக்கத்தில் ஒன்று, பிளாட்டி - வாள்வால் பக்கத்தில் ஒன்று என்று எடுத்தால் குட்டிகளில் குழப்பமே வராது.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது பிளாட்டியும் கப்பியும். அந்த அளவில் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 110 லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பிளாட்டி 2, பெண் 5, ஆண் கப்பி 2, பெண் 6, தொடக்கத்துக்கு இது தாராளம். குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு மாதம் பொறுங்கள், இடம் போதாமல் நீங்களே திணறுவீர்கள்.

ஆணைவிடப் பெண் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆணுக்குத் தின்பதும் துரத்துவதும் தவிர வேறு வேலை கிடையாது. பெண் குறைவாக இருந்தால் அத்தனை ஆணும் அந்த ஒன்றிரண்டின் பின்னாலேயே ஓடும், அது ஃபில்டருக்குப் பின்னால் மூலையில் ஒடுங்கி, தீனிக்குக் கூட வெளியே வராமல் மெலிந்து சாகும். பல தொட்டிகளில் "நோய் ஒன்றும் தெரியவில்லை, பெண் மீன் மட்டும் சாகிறது" என்று கேட்பதன் பின்னால் பாதிக்கு இதுதான் காரணம்.

ஆண் பெண் பார்க்கக் கப்பியில் வண்ணமே போதும். பிளாட்டியில் வண்ணத்தை நம்பாதீர்கள், மீனைப் பையில் போடும் முன்னால் பக்கவாட்டில் வைத்து வயிற்றுக்கு அடியில், கழிவுத் துளைக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். விசிறி போல விரிந்திருந்தால் பெண். ஒடுங்கி, பென்சில் முனை போலக் கூராகப் பின்னோக்கி ஒட்டியிருந்தால் ஆண், இணை சேரும் உறுப்பே அதுதான். கடையில் "ஜோடி" என்று பிடித்துத் தருவதை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்து வைத்தவர். வெள்ளையாகப் படியும் கடினத் தண்ணீரைத்தான் இந்த மீன்கள் கேட்கும், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7-இலிருந்து 8-க்குக் கொஞ்சம் மேலே வரை போனாலும் தாங்கும். சூடு 24 முதல் 26 டிகிரி இருந்தால் கப்பி, பிளாட்டி இரண்டுக்குமே சுகம். சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் மோலியை விட்டால் நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்துக்கொண்டு, துடுப்பை மடக்கி ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் குட்டி போடும் மீன் என்றாலே கல்லுப்பு போட வேண்டும் என்ற பழக்கம் வந்தது. உங்கள் தண்ணீருக்கு அது தேவையே இல்லை. உப்பு ஏறினால் செடிகள் முதலில் அழுகும்.

கடினத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மையோடு வருவதால் ஒரு சிக்கல் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாக மாறும். அதனால் புதுத் தொட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விட்டு, அதில் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா பிடிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடும் தொட்டியில் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதை வாங்கிப் போடுங்கள், அதைவிடக் குறுக்கு வழி கிடையாது, ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் நான்கைந்து பிளாட்டி, கணிசமாக இடைவெளி விட்டு மற்றவை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஸ்பாஞ்சைக் குழாயில் பிடித்துத் தேய்க்காமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மோலிதான் வேண்டும் என்றால் கப்பிக்குப் பதிலாக விடலாம், எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். பாய்மர மோலி 12 செ.மீ.க்கு மேல் வளரும், மூன்றடித் தொட்டி அதற்குக் கைப்பிடி இடம், சாதாரணக் கறுப்பு மோலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது பாசியை மேயும், தீனியில் ஸ்பைருலினா பாசி மாதிரி பச்சையும் இருக்க வேண்டும். பலூன் மோலியை நான் பரிந்துரைக்க மாட்டேன், முதுகெலும்பு வளைந்த பிறவியைத் தேர்ந்து பெருக்கியது அது, நீந்தவே சிரமப்படுகிறது. வாள்வால் வேண்டுமானால் பிளாட்டியை மறந்துவிடுங்கள், ஆண் ஒன்று போதும், இரண்டு ஆண் இருந்தால் பெரியது சின்னதை விடாமல் விரட்டும். தொட்டிக்கு மூடியும் போடுங்கள், துள்ளித் தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும் மீன்களில் வாள்வால் அதிகம்.

ஏஞ்சல், ஃபைட்டர் இரண்டும் வேண்டாம். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்வரை சாது, வளர்ந்ததும் வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும், குட்டி மட்டுமல்ல, ஆண் கப்பியும் அதன் வாய்க்கு அடக்கம். ஃபைட்டருக்கோ நீண்ட வண்ண வாலோடு திரியும் கப்பியைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டது என்ற நினைப்பு. சில தொட்டிகளில் இது தலைகீழாக நடந்து, கப்பிகள் சேர்ந்து ஃபைட்டரின் துடுப்பைக் கொத்திக் கிழிக்கும். டைகர் பார்பும் துடுப்புக் கடிக்கிற ஆள்தான். துணைக்கு ஏதாவது வேண்டும் என்றால் கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி ஆறு விடுங்கள், அடியில் கிடந்து சிந்திய தீனியைப் பொறுக்கும், யார் வம்புக்கும் போகாது. குளத்திலோ தொட்டியிலோ இலவசமாகப் பிடித்து வந்தது என்று யாராவது "கப்பி" தந்தால் உற்றுப் பாருங்கள், கொசுப்புழு தின்ன விடும் கம்பூசியா பெண் கப்பி போலவே சாம்பலாக இருக்கும், உள்ளே விட்டால் மற்ற மீன்களின் வால் மிஞ்சாது.

அப்புறம் குட்டி விஷயம். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும், இளம் மீன் குறைவாகவும் பெரியது இருபது முப்பதுக்கு மேலும் போடும். வயிறு உருண்டையாக இருந்தது போய்க் கீழே சதுரமாகத் தெரிந்தால், பெண் கப்பியில் வயிற்றின் பின்பக்கக் கரும்புள்ளியும் அடர்ந்தால், நாள் நெருங்கிவிட்டது. தாயே குட்டியைத் தின்னும், பக்கத்தில் இருப்பவையும் தின்னும். மேலே மிதக்கிற மாதிரி ஜாவா பாசியையோ ஹைட்ரில்லாவையோ அடர்த்தியாகப் போட்டு, குட்டி தென்பட்டதும் வலையால் எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த முறை. தாயைப் பிடித்துச் சின்னப் பெட்டியில் நாள்கணக்கில் அடைத்தால் மிரண்டுபோய்க் குறைப்பிரசவம் ஆவதுண்டு.

விற்பனைக்கு ரகம் சுத்தமாக வேண்டும் என்றால் இன்னொன்று. வாங்கி வரும் பெண் மீன் பெரும்பாலும் ஏற்கெனவே சினையாகத்தான் வரும், அதோடு ஆணின் விந்தைத் தனக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஆணே இல்லாமலும் அடுத்தடுத்துக் குட்டி போடும். முதல் சில ஈத்துகளுக்கு அப்பன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவற்றை நம்பி ரகம் கட்டாதீர்கள். உங்களிடம் பிறந்த குட்டிகளில் ஆணின் துடுப்பு, கப்பியில் மூன்று நான்கு வாரத்திலேயே, கூராகத் தொடங்கும், அப்போதே ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்து, பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த ஆணோடு சேருங்கள்.

புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள். கழிவுத் துளையில் மெல்லிய சிவப்பு நூல் நுனிகள் நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது தெரிந்தால் அது கமலானஸ் புழு, குட்டி போடும் மீன்களில் அடிக்கடி வரும், பார்க்காமல் விட்டால் தொட்டி முழுவதும் பரவும். உப்புக்கு அது போகாது. ஆட்டுக்குக் குடற்புழு நீக்கத் தரும் லெவமிசோல் மீனுக்கும் கேட்கும், அளவை மட்டும் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

விற்காமல் மிஞ்சுகிற குட்டிகளைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள், இவை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, போன இடமெல்லாம் பெருகி அங்கேயே இருக்கும் சின்ன மீன்களின் தீனியையும் குஞ்சுகளையும் காலி செய்கின்றன. மிஞ்சினால் ஆணை மட்டும் ஒரு தொட்டியில் வையுங்கள், வண்ணமும் இருக்கும், குட்டியும் வராது.