ஒளிராத பெட்டிகளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். பனையோலையில் பெட்டி, தட்டு, கிலுகிலுப்பை செய்து விற்கிறேன். புதுசாக ஏதும் செய்வோம் என்று, கொழும்பில் இருந்து முகநூலில் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் இருட்டில் ஒளிரும் பொடி 2 கிலோவும் சூட்டில் நிறம் மாறும் பொடி அரைக் கிலோவும் எடுத்தேன். முன்னதற்கு 64,000 ரூபா, பின்னதற்கு 18,000. “ஒரு கலியாண வீட்டுக்கு 150 பெட்டி ஓடர் இருக்கு, தண்ணியில் கரைக்கிற பெயின்றுக்குள் போடலாமா?” என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். “பிரச்சினையே இல்லை அக்கா, எதிலும் கலக்கலாம்” என்று குரல்பதிவு அனுப்பினார். இரண்டு கிழமைக்குள் பெயின்ற் கட்டிகட்டியாகிவிட்டது. பூசிய பெட்டிகளும் ஒளிரவில்லை. கலியாண வீட்டார் 20,000 ரூபா முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். நிறம் மாறும் பொடியோ பகல் முழுக்க வெளுத்தே கிடக்கிறது. வியாபாரியைக் கேட்டால், பில்லின் அடியில் “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று இருப்பதைக் காட்டுகிறார். வாங்கி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. காசு என் கணவரின் கணக்கில் இருந்துதான் போனது. இதற்கிடையில் ஒரு பெண் வட்ஸ்அப் குழுவில் “அது ரேடியம், பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும்” என்று எழுதிவிட்டார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பொடி கட்டியான நாளில் இருந்து அல்ல, விற்ற நாளில் இருந்துதான் கணக்கு. உங்களுக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம், இது முடியாது. வியாபாரி “பாப்பம் அக்கா, அடுத்த கிழமை கதைப்பம்” என்று இழுத்தால் இழுபடாதீர்கள். இப்படி இழுபட்டுத் தவணை தவறிய பிறகு என்னிடம் வருகிறவர்கள்தான் கூட. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேட்கலாம். ஆனால் வாயால் சொன்னது முறைப்பாடு ஆகாது, எழுதிக் கொடுங்கள்.

கணவரின் கணக்கில் இருந்து காசு போனது ஒரு தடையே இல்லை. ஓடர் கொடுத்தவரும் கேள்வி கேட்டவரும் நீங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி கணவரின் எழுத்துச் சம்மதம் பெற வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டு விதி காணி, வீடு போன்ற அசையாச் சொத்தைக் கைமாற்றுவது பற்றியது. பொடி வாங்கவும் முறைப்பாடு எழுதவும் யாருடைய சம்மதமும் வேண்டாம்.

இனி ஒளிரும் பொடிக்கு வருவோம். உங்கள் பலம் முழுக்க அந்த ஒரு குரல்பதிவில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சாதாரணமாக வாங்குபவர் பக்கம் அவ்வளவு சாய்வதில்லை. பொருளைப் பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் எந்தத் தேவைக்கு வாங்குகிறேன் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருளை விற்பதே அவருடைய தொழிலாகவும் இருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்துக்குள் தானாகவே வந்துவிடும். நீங்கள் தண்ணீர்ப் பெயின்ற் என்று சொன்னீர்கள், கலியாண ஓடர் என்றும் சொன்னீர்கள். அவர் எதிலும் கலக்கலாம் என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்டுச் சொல்லி வாங்க முடியாது.

அவர் சொன்னது ஏன் பிழை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். நான் இரசாயனம் படித்தவனில்லை, ஆனாலும் விசாரணையில் முதலில் வரப்போகும் கேள்வி இதுதான். இப்போது விற்கும் நல்ல ஒளிர்பொடிகள் ஸ்ட்ரொன்சியம் அலுமினேற் என்ற சேர்மம், அதில் யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முன் பாவித்த செம்பு சேர்ந்த சிங்க் சல்பைட்டைவிடப் பல மடங்கு பிரகாசமாக, மணிக்கணக்கில் ஒளிரும். ஆனால் மேற்பூச்சு இல்லாத ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்றுக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரோடு தாக்கமுற்றுக் காரமாகி, கட்டிபட்டு, ஒளிரும் தன்மையை இழந்துவிடும். தண்ணீர்ப் பெயின்றுக்கென்றே துணிக்கைகளுக்கு மேற்பூச்சுப் போட்ட வகை தனியாக இருக்கிறது. உங்களுக்கு வந்தது மற்ற வகை என்றுதான் நீங்கள் சொல்வதில் இருந்து தெரிகிறது.

தெரிகிறது என்றால் போதாது, காட்ட வேண்டும். மிச்சப் பொடி இருந்தால் அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் போத்தலில் அடைத்து, மூடியின் மேல் காகிதம் ஒட்டி, ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அதைத் திறக்கவே கூடாது. மற்றப் பாதியில் ஒரு தேக்கரண்டியைச் சுத்தமான தண்ணீரிலும் இன்னொரு தேக்கரண்டியை எண்ணெய் வார்னிஷிலும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டையும் ஒரே அளவு நேரம் வெயில் காட்டிவிட்டு, விளக்கை நிறுத்திப் படம் எடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் சிவப்பு லிற்மஸ் தாளை நனைத்து அது நீலமாவதையும் (காரம் இருப்பதற்கு அடையாளம்) எடுத்து வையுங்கள். அறிக்கை தேவைப்பட்டால் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கும் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். இந்தத் தொகைக்குப் படங்களும் குரல்பதிவுமே போதும் என்பது என் எண்ணம்.

குரல்பதிவு செல்லுமா என்று கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, கணினியிலும் தொலைபேசியிலும் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. அந்தத் தொலைபேசியை மட்டும் விற்றுவிடாதீர்கள், புதுசுக்கு மாற்றியும் விடாதீர்கள். செய்தி முதலில் வந்து இறங்கிய கருவி கையில் இருப்பது பெரிய வசதி.

பில்லின் அடியில் உள்ள வரி எனக்குக் கவலை தரவில்லை. ஒப்பந்தம் எப்போது முடிந்தது? நீங்கள் ஓடர் சொல்லி, அவர் சம்மதித்து, காசு போட்டபோது. பில் அதற்குப் பிறகு பார்சலுக்குள் வந்தது. முடிந்த ஒப்பந்தத்துக்குள் ஒரு தரப்பு பின்னால் ஒரு நிபந்தனையைச் செருக முடியாது. முதலிலேயே இருந்திருந்தாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ் அது நியாயமானதா என்ற கேள்வி எழும். தவிர, “திருப்பி எடுக்கமாட்டேன்” என்பதும் “நான் சொன்ன பொருளைத் தரமாட்டேன்” என்பதும் ஒன்றல்ல.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பொருளைத் திருப்பி எடுத்துக் காசைத் தா என்று கேட்காதீர்கள். பொடியில் பெரும்பகுதியைப் பாவித்துவிட்டீர்கள். பாவித்த பொருளை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும், அதன்பிறகு நிராகரிக்கும் உரிமை போய் நட்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். கடிதத்தில் “நட்டஈடு” என்றே எழுதுங்கள். பொடியின் பெறுமதி, வீணான ஓலை, பெயின்ற், கூலி, கலியாண ஓடரில் போன இலாபம் என்று பிரித்துக் காட்டுங்கள். கடைசியதைக் கேட்க முடிவதற்குக் காரணம், ஓடர் பற்றி அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தீர்கள். சொல்லாத இழப்புக்கு அவரைப் பிடிக்க முடியாது.

கலியாண வீட்டாரிடம் வாதாடாதீர்கள். அவர்களுக்கு ஒளிரும் பெட்டி தருவதாகச் சொன்னவர் நீங்கள், பொடி விற்றவரை அவர்களுக்குத் தெரியாது. நல்ல பொடி எடுத்துத் திரும்பச் செய்து தரலாமா என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் 20,000ஐக் கொடுத்து, எதற்காகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் இழப்புக்கு அந்தத் துண்டு ஆதாரம்.

எங்கே போவது? முதலில் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம், 14 நாள் தவணையோடு. பதிலுக்காகக் காத்திருந்து மூன்று மாதத்தைக் கோட்டை விடாமல், அதோடு சேர்த்தே அதிகார சபைக்கு முறைப்பாடு. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றதாக விசாரணையில் கண்டால், நட்டஈடு கொடுக்கவோ வேறு பொருள் கொடுக்கவோ காசைத் திருப்பவோ கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீதிமன்றம் என்றால் இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணங்கவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். அங்கே சட்டத்தரணி வரமுடியாது, செலவும் இல்லாதது மாதிரித்தான். ஆனால் எதிராளி கொழும்பில். அந்த அலைச்சலைக் கடைசிக்கு வையுங்கள்.

நிறம் மாறும் பொடி விஷயத்தில் உங்களுக்கு வழக்கு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் பைக்கற்றின் மேல் 31 பாகை என்று தெளிவாக இருக்கிறது. அந்தச் சூட்டைத் தாண்டினால் நிறம் போகும், குறைந்தால் திரும்பி வரும். சொன்னபடிதான் அது வேலை செய்கிறது. சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்துப் பகல் 31ஐத் தாண்டித்தான் இருக்கும், பிறகு எப்படி நிறம் தெரியும்? “எங்கட வெக்கைக்குச் சரிவருமா” என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடிதத்தில் இந்த 18,000ஐச் சேர்த்தால் 64,000இன் பலமும் குறையும், விட்டுவிடுங்கள். பொடியை எறியத் தேவையில்லை. ஐஸ்கிறீம் கிண்ணத்துக்கு வெளியே போடும் ஓலை உறையில் பூசினால், வெறுமையாக இருக்கும்போது வெளுத்துக் கிடந்து, குளிர் பட்டதும் நிறம் எழும்பும். சூடான கோப்பைக்கு என்றால் 45 பாகை வகையைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் நாள் முழுக்க வெயிலில் வைத்தால் நிறம் செத்துப்போகும், அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: கிலுகிலுப்பை. அந்தப் பொடிகளில் எதையாவது கிலுகிலுப்பையில் பூசியிருந்தால் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். பிள்ளை அதைக் கிலுக்குவதைவிட வாயில் வைப்பதுதான் கூட. சூட்டில் நிறம் மாறும் பொடியின் நுண்ணுறைகளுக்குள் பல சமயம் பிஸ்பினோல் ஏ என்ற, உடலின் ஹோர்மோன்களைக் குழப்பக்கூடிய இரசாயனம் இருக்கும். ஐரோப்பாவின் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு விதிகளில் ஸ்ட்ரொன்சியத்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள், பாரிசில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி விற்கலாம் என்று யோசித்தால் அதுவும் நினைவில் இருக்கட்டும். உங்கள் விற்பனைப் பக்கத்தில் “100 சதவீதம் நச்சற்றது” என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். எந்தப் பரிசோதனையை வைத்துப் போட்டீர்கள்? தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விபரம் சொல்வதையும் தடுக்கும் அதே 2003 சட்டத்தில், பொடி விற்றவர் மாதிரி நீங்களும் ஒரு வியாபாரிதான். ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்கு வேறாக வரும், வெறும் மன்னிப்போடு அது முடியாது. அந்த வரியை எடுத்துவிட்டு, “அலங்காரத்துக்கு மட்டும், சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்” என்று போடுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் எழுதிய பெண் மேல் மானநட்ட வழக்குப் போட வேண்டாம். இந்தப் பொடியில் ரேடியம் இல்லை. பழைய கைக்கடிகார முகப்புகளில் ரேடியம் பூசியது உண்மை, அது கதிர்வீச்சால் தானாக ஒளிர்ந்தது. உங்களுடையது வெளிச்சத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவது. ஆனால் உங்கள் விளம்பரத்திலேயே “ரேடியம் பெட்டி” என்று போட்டுவிட்டு, அவர் ரேடியம் என்று எழுதியதற்கு வழக்குப் போட்டால் நீதிபதி உங்களைத்தான் பார்ப்பார். பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், விற்கும்போது “ஒளிரும் பூச்சு” என்று மாற்றுங்கள்.

குழுவுக்குப் பதிலாகப் பொடியின் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது பொருளில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் தாளைப் போட்டாலே போதும். அது உங்களிடம் இல்லை என்றால் கோரிக்கைக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் வியாபாரியிடம் கேளுங்கள். தரமுடியாது என்றால், பொருளில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எதிலும் கலக்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதை முறைப்பாட்டில் ஒரு தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.