கேப்ரியல் அக்ரெஸ்ட் மகனை நேசிக்கிறாரா?

‘மிராகுலஸ்’ அனிமேஷன் தொடரின் கேப்ரியல் தம் மகனை உண்மையில் நேசிக்கிறாரா என்று பாளையங்கோட்டைத் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார். நேசிக்கிறார், ஆனால் அந்த நேசம் அதிகாரமாகவே வெளிப்படுகிறது. 2015இல் தொடங்கிய இந்தப் பிரெஞ்சுத் தொடரில், பாரிஸின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரான அவர், மகன் ஏட்ரியனை நெடுங்காலம் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் படிக்கவைத்து, தம் நிறுவனத்தின் மாடலாகவும் ஆக்கி, அவனுடைய அன்றாட நேரத்தை உதவியாளர் நதாலி வழியாகவே நடத்துகிறார். நினைவிழந்து கிடக்கும் மனைவி எமிலியை மீட்கும் வெறியில் ஹாக் மாத் என்ற வில்லனாக மாறி, எதிரியான கேட் நுவார் என்ற முகமூடி நாயகன் தம் மகனே என்பதை அறியாமல் அவனையே தாக்குகிறார். தொடரின் மிக வலுவான கற்பனை இதுவே என்பேன். நெல்லை ரத வீதிகளில், படிப்பு முடியுமுன்பே மகனைக் கல்லாவில் அமர்த்தும் தந்தையரிடமும் அக்கறை உண்டு. ஆனால் அவர்கள் மகனோடு நாள் முழுவதும் கடையில் இருக்கிறார்கள், கேப்ரியலோ ஒரே வீட்டில் இருந்தும் மகனிடமிருந்து விலகியே இருக்கிறார்.