அது வேறு விஷயம் இல்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். சாலிகிராமத்தில் இருக்கிறேன். வயது 43, தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் பிளஸ் டூ எழுதிய வருடம் வடபழனி முருகனுக்கு ஒரு மண்டலம், 48 நாள், விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன். 31ஆம் நாள் கடும் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டுக்குத் தூரமான நாட்களைக் கழித்துக்கொண்டு எண்ணலாம், மற்றபடி விட்டுப்போனால் முதலிலிருந்துதான் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். முடியாமல் அப்படியே நிறுத்திவிட்டேன். மகள் நல்ல மார்க் எடுத்துக் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள். ஆனால் இரண்டு வருடமாக, அவள் ஒரு தும்மல் போட்டாலும் எனக்கு அந்த 31ஆம் நாள்தான் ஞாபகம் வருகிறது.

இது பக்தியா பயமா என்று கேட்க ஆரம்பித்தேன். அதோடு நிற்கவில்லை. நான் நம்புவதில் எது என்னுடையது, எது அம்மா சொன்னது, எது புகுந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது என்று பூஜையறையில் நின்றாலே கேள்விதான் ஓடுகிறது. தோழி ஒருத்தி, தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் இடமான வசந்த விஹாருக்கு அழைத்துப் போனாள். அவரைக் கொஞ்சம் படித்தேன். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் விடச் சொல்கிற மாதிரி இருந்தது, பயந்து மூடிவைத்துவிட்டேன். கணவரோ, 'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது, பேசாமல் கும்பிடு' என்கிறார். வீட்டில் சில கட்டுப்பாடுகளும் உண்டு. வேலைக்கு வரும் அம்மா வியாழக்கிழமை விளக்கெல்லாம் தேய்த்துக் கொடுப்பார், ஆனால் பூஜையறைக்குள் வரக்கூடாது. மாமியார் தவறி ஆறு வருடம் ஆகிறது, இது அவர் காலத்து வழக்கம். அது வேறு விஷயம். என் கேள்வி, இப்படி ஆராய்ந்துகொண்டே போனால் கடைசியில் எதுவுமே மிஞ்சாமல் போய்விடுமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பது ஆற்றுக்கும் முனிவருக்கும் சொன்னது. நம் மூலத்தை நாமே பார்க்கக்கூடாது என்று அதில் இல்லை. உங்கள் கணவரிடம் சண்டை இல்லாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மண்டலத்தை முதலில் முடித்துவிடுவோம். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். மாதாமாதம் வரும் நாட்களுக்குக் கழிவு உண்டு, காய்ச்சலுக்கு இல்லை என்றால் இது யார் போட்ட கணக்கு என்று உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். கேட்டது கிடைத்த பிறகும் பயம் போகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது மார்க்கைப் பற்றிய பயம் அல்ல. கடன்காரன் தெருமுனையில் நிற்கிறானோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பயம். கந்தனைக் கந்துவட்டிக்காரராக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பாக்கி 18 நாளையும் போட்டு முடித்தால் நிம்மதி வரும் என்றால் தாராளமாகப் போடுங்கள். முடித்த பிறகும் தும்மலுக்குப் பயந்தால், விளக்குக்கும் பயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றாவது தெரிந்துவிடும்.

எனக்கும் வடபழனிதான். நாற்பது வயதில் செவ்வாய்க்கிழமை தவறாமல் போவேன். ஒருநாள் கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, இப்போது உள்ளே என்ன கேட்டோம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, பால் கணக்குக்காக வாங்கிய 40 பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுபோய், வெளியே வந்ததும் கேட்டதையெல்லாம் எழுதினேன். இரண்டு மாதம். சீட்டுப் பணம் வர வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைய வேண்டும். வீட்டுக்காரர் வாடகை ஏற்றக்கூடாது. இதெல்லாம் சரி, யாரும் கேட்பதுதான். ஐந்தாவது வாரத்தில் ஒரு வரி இருக்கிறது: அலுவலகத்தில் எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பதவி கிடைக்கக்கூடாது. ஏழாவது வாரத்திலும் அதே வரி, அவர் பெயரோடு. கண்ணை மூடி, கைகூப்பி, நெற்றி நிறைய விபூதியோடு நான் கேட்டது அது. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை.

கோயிலுக்குப் போவதை நான் விடவில்லை. அந்த வரியைக் கேட்பதை மட்டும் விட்டேன், அதுவும் உடனே அல்ல.

கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்துப் பயந்தது பற்றி. 1909இல் அடையாறு கடற்கரையில் கண்டெடுத்த சிறுவனான அவரைப் பிரம்மஞான சபைக்காரர்கள் உலக குருவாக வளர்த்தார்கள், 1911இல் அவரை வைத்து ஓர் அமைப்பே தொடங்கினார்கள். 1929இல் அவரே அதைக் கலைத்தார். நடுவில் 20 வருடம் ஓடியிருக்கிறது. படிக்கிற நமக்குக் கலைத்த நாள் மட்டும்தான் கண்ணில் படுகிறது. போகிக்கு முதல் நாள் பரணில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கிக் கூடத்தில் பரப்பிவிட்டு, ராத்திரி படுக்க இடமில்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அதைவிட உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் போகலாம். 1823இல் பிறந்த இராமலிங்கர், நாம் வள்ளலார் என்கிறோமே அவர், கைக்குழந்தையாகச் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்தவர். பூக்கடைப் பக்கம் கந்தகோட்டம் முருகன்மேல் அவர் பாடிய தெய்வமணிமாலையை எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு பட்டியல்தான். வேண்டும், வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நோயற்ற வாழ்வு வேண்டும் என்றும் கேட்கிறார், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே பாட்டில் 'உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்' என்கிறார், 'மதமான பேய் பிடியாதிருக்க வேண்டும்' என்றும் கேட்கிறார். மதம் என்றால் இங்கே செருக்கு என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், இரண்டு பேயும் ஒரே வீட்டில் குடியிருப்பவைதானே. சாமி முன்னால் நின்றுகொண்டு சாமியிடமே இப்படிக் கேட்டிருக்கிறார். என் பால் நோட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டை வைத்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் அங்கேயும் நிற்கவில்லை. 1873 அக்டோபரில் வடலூர் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி கட்டிவிட்டு அவர் பேசியது பேருபதேசம் என்ற பெயரில் கிடைக்கிறது. சைவத்தில் தான் வைத்திருந்த பற்று இவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது, அது இப்போது எப்படிப் போய்விட்டது பார்த்தீர்களா என்கிறார். அப்போது எனக்கு அறிவு கொஞ்சமாக இருந்தது என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். ஆயிரக்கணக்கில் பாடி வைத்தவர், ஊரே அதைப் பாடிக்கொண்டிருக்கும்போது, 50 வயதில் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது. சமயம் போயிற்று, சாத்திரம் போயிற்று. பசித்தவருக்குச் சோறு போடுவது போகவில்லை. 1867இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. எல்லாவற்றையும் உதறிய பிறகும் அவரால் உதற முடியாதது அது.

இப்போது, 'அது வேறு விஷயம்' என்று நீங்கள் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

புளியும் சாம்பலும் போய் இப்போது பீதாம்பரி பவுடராக இருக்கும். குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் கட்டிப்போன எண்ணெய்ப் பிசுக்கை நகத்தால் சுரண்டி, நாரால் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைப்பவர் வேலைக்கு வரும் அந்த அம்மா. சாமிக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற பொருளை உங்கள் வீட்டில் அதிக நேரம் கையில் வைத்திருப்பவரும் அவர்தான். அந்தக் கை தேய்த்த விளக்கு உள்ளே போகலாம், கை மட்டும் போகக்கூடாது. சுத்தம் என்று இதைச் சொல்ல முடியாது, உங்கள் வீட்டிலேயே மிகச் சுத்தமான கை அந்த நேரத்தில் அதுதான். என்ன காரணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை, மாமியார் காலத்து வழக்கம் என்று எழுதினீர்கள். மாமியார் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அந்த வழக்கத்தை நடத்துவது யார்?

உங்களை மட்டம் தட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் மாடத்திலும் ஒரு தனி டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும், கண் அங்கே போகாமல் பழகியிருந்தது.

31ஆம் நாள் பயம் உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கிறது. இந்த வழக்கத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். நம்பிக்கைகளை அலசலாம் என்று உட்கார்ந்தால் நமக்கு வலிக்கிறதைத்தான் முதலில் எடுப்போம், மற்றவருக்கு வலிக்கிறது 'வேறு விஷயம்' ஆகிவிடும். வரிசையை மாற்றிப் போடுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். முருகன் காத்திருப்பார், அவருக்கு அவசரம் கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. திடீரென்று ஒருநாள் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் ஆரத்தி காட்டச் சொல்லாதீர்கள். கூசிப்போவார். உங்கள் மனபாரம் இறங்குவதற்கு அவரிடம் இன்னொரு வேலை வாங்குவதாக ஆகிவிடும். வரும் வியாழக்கிழமை, தேய்த்த விளக்கை வாசலில் நின்று வாங்கிக்கொள்ளாமல், வேறு ஏதோ வேலையாக இருக்கிற மாதிரி, "உள்ளேயே வெச்சிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். தயங்குவார். ஒருவேளை படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார், அப்படியானால் அடுத்த வியாழனும் அதையே சொல்லுங்கள்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இந்தக் கடிதத்தில் அது இல்லை.