சொல்லற்ற பாட்டின் அரசியல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் 'ராத்கோ சேப்பல்' என்ற இசை ஓர் அரசியல் படைப்பு என்று எழுதியிருந்தீர்கள். இருமுறை முழுவதுமாகக் கேட்டேன். குழுவினர் பாடுகிறார்கள், ஆனால் ஒரு சொல்கூட இல்லை. அது பிறக்கக் காரணமான, ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்களிலும் உருவம் ஏதுமில்லை, கருமையும் கருஞ்சிவப்பும்தான். இதில் அரசியல் எங்கிருந்து வந்தது? கேட்பவர் தம் விருப்பத்தை ஏற்றிச் சொல்வதாகாதா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. இசைத்தட்டில் மட்டும் அதைக் கேட்பவருக்கு அரசியல் தென்பட்டாக வேண்டும் என்பதில்லை. நான் ஒரே சொல்லில் முடித்தது அவசரம்தான். ஆனால் அது ஓர் இடத்துக்காக எழுதப்பட்ட இசை. மார்க் ராத்கோ 14 ஓவியங்களை முடித்துவிட்டு 1970இல் தற்கொலை செய்துகொண்டார். அவற்றுக்காகக் கட்டிய எண்கோண வழிபாட்டு மண்டபமான 'ராத்கோ சேப்பல்' மறு ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்டது. ஃபெல்ட்மனின் இசை 1972இல் அங்கேயே அரங்கேறியது. மண்டபத்துக்கு எதிரே, குளத்தின் நடுவே, பார்னெட் நியூமனின் எஃகுச் சிற்பம் நிற்கிறது: ஒரு பிரமிடின் முனைமேல் தலைகீழாக ஊன்றிய முறிந்த தூண். மண்டபத்தைக் கட்டுவித்த தெ மெனில் தம்பதியர், 1968இல் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவுக்கு அர்ப்பணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அச்சிற்பத்தை நகரத்துக்கு அளிக்க முன்வந்தபோது, நகர நிர்வாகம் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. அதனால்தான் அது இங்கே நிற்கிறது.

இசைக்குள் வருவோம். நெடுநேரம் குரல்கள் அசையாமல் தொங்குகின்றன. இறுதியில், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனின் நான்கு சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்க, அவற்றின்மேல் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒரு எளிய மெட்டை வாசிக்கிறது. யூதச் சாயலுள்ள அந்த மெட்டைத் தாம் பதினைந்து வயதில் எழுதியதாகவும், படைப்பின் சில சுர இடைவெளிகள் யூத வழிபாட்டுக் கூடத்தை நினைவூட்டுவதாகவும் ஃபெல்ட்மனே குறிப்பிட்டிருக்கிறார். அவர் பிறந்தது 1926. அப்படியானால் மெட்டு ஏறத்தாழ 1941ஐச் சேர்ந்தது. ராத்கோ 1903இல் பிறந்த திவின்ஸ்க், இன்றைய லாத்வியாவின் தவுகவ்பில்ஸ், தன் யூத மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொலைக்குப் பறிகொடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இதை எண்ணித்தான் ஃபெல்ட்மன் அந்த மெட்டை எடுத்தாண்டார் என்று நான் சொல்லவில்லை. இது தெரிந்த பிறகு, சொல்லின்றிப் பாடும் அந்தக் குழு எனக்கு வெறும் அழகாக ஒலிப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி, உங்கள் தரப்புக்கு வலுவான சாட்சி ஒருவர் இருக்கிறார்: ஃபெல்ட்மன்தான். அவருடைய நெருங்கிய நண்பர் ஓவியர் ஃபிலிப் கஸ்டன் அருவ ஓவியத்தைக் கைவிட்டு, வெள்ளை நிறவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் முகமூடிக்காரர்களைக் கேலிச்சித்திரம் போல வரைந்து 1970இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். வெளிப்படையான அந்த அரசியல் திருப்பத்தை ஃபெல்ட்மனால் ஏற்க முடியவில்லை. நட்பு அத்தோடு முறிந்தது. கஸ்டன் 1980இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஃபெல்ட்மன் அவர் பெயரிலேயே புல்லாங்குழல், தாளக்கருவிகள், பியானோ ஆகியவற்றுக்காக நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஓர் இசையை எழுதினார். அதில் முகமூடிகள் எங்கும் இல்லை. எனக்கோ, அவற்றைப் பார்க்க மறுத்த நண்பரின் குற்ற உணர்வு அந்த நீளத்திலேயே கேட்கிறது. இதுவும் நான் ஏற்றிச் சொல்வதுதான் என்று நீங்கள் எழுதினால், இம்முறை மறுக்க மாட்டேன்.