ரஸ்ட்டில் வெப் கற்கலாமா?

அன்புள்ள அண்ணா,

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வர் எழுத உதவும் நோட், எக்ஸ்பிரஸ் ஓரளவு தெரியும். ரஸ்ட் மொழி பிடித்துப்போய், அதன் வெப் ஃபிரேம்வொர்க்கான ஆக்ஸமில் சின்னதாக ஒரு ஏபிஐ எழுத ஆரம்பித்தேன். முதல் ஹேண்ட்லர் (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) ஓடியது. அடுத்ததில் முதலில் ஜேசான் (பாடியில் வரும் டேட்டா), பிறகு ஸ்டேட் (ஹேண்ட்லர்கள் பகிரும் டேட்டா) என்று இரண்டு ஆர்க்யூமென்ட் கொடுத்தால், ஹேண்ட்லர் டிரெய்ட், அதாவது ஹேண்ட்லருக்கு வேண்டிய தகுதி, பொருந்தவில்லை என்கிறது கம்பைலர். நண்பர்கள் ‘வெப்புக்கு எதுக்குடா ரஸ்ட்?’ என்கிறார்கள். தொடரட்டுமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

தொடருங்கள். ஜேசானைக் கடைசிக்குத் தள்ளினால் கம்பைல் ஆகிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் நகர வேண்டாம். ஜேசான் வருவது ரிக்வெஸ்ட்டின் பாடியில், அதை ஒருமுறைதான் படிக்க முடியும். அதைப் படிக்கிற எக்ஸ்ட்ராக்டர் (ரிக்வெஸ்ட்டிலிருந்து வேண்டியதைப் பிரித்துத் தரும் ஆர்க்யூமென்ட்) முழு ரிக்வெஸ்ட்டையும் வாங்கிக்கொள்வதால், பின்னால் வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. எக்ஸ்பிரஸிலும் இதுதான் நடக்கிறது. அங்கே ஹேண்ட்லருக்கு முன்னால் ஓடும் ஒரு மிடில்வேர் முன்கூட்டியே படித்து வைத்துவிடுவதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ரஸ்ட்டில் வெப் படியுங்கள் என்று நான் சொல்வதே இதற்காகத்தான். மற்ற இடங்களில் மறைந்திருப்பது இங்கே டைப்பில் வந்து நிற்கும். ஆங், ஆக்ஸமின் டீபக்_ஹேண்ட்லர் மேக்ரோவை ஹேண்ட்லருக்கு மேலே போட்டுப் பாருங்கள், எரர் புரிகிற மாதிரி வரும்.

உங்கள் சிக்கல் வேறு. ஓனர்ஷிப் (ஒரு மதிப்பு யாருக்குச் சொந்தம் என்ற ரஸ்ட் விதி), ஏசிங்க் (காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்கும் முறை), ஹெச்டிடிபி மூன்றோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். ஆக்ஸமைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் கனெக்‌ஷன்களை ஏற்கும் டிசிபி லிஸனரை மட்டும் கொண்டு ஒரு சர்வர் எழுதுங்கள். பிரவுசர் அனுப்பும் ஹெடர்களை, வெற்று வரி வரும்வரை ஒவ்வொன்றாகப் படித்துத் திரையில் பிரிண்ட் செய்யுங்கள். பதிலாக ‘வணக்கம்’ அனுப்புங்கள். பதிலின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரில் எவ்வளவு போடுவீர்கள்? ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சொல்லின் லெங்த் 7 என்று சொல்லும். அதையே போட்டால் ‘வண’வோடு நின்று, பக்கத்தில் ஓர் உடைந்த குறி தெரியும். ஹெடர் கேட்பது பைட் கணக்கு. யூடிஎஃப்-8இல் அந்த 7 குறிகளும் தலா 3 பைட். ரஸ்ட்டின் லென் 21 என்றே தரும். ஒவ்வொரு கனெக்‌ஷனையும் தனித் திரெட்டில் விட்டுப் பார்த்தால், மதிப்பைத் திரெட்டுக்கே கொடுத்துவிடும் மூவ் எதற்கு, பல திரெட்டுகள் ஒன்றைப் பகிர உதவும் ஆர்க் எதற்கு என்பதும் பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஏசிங்க். அந்த எழுத்துமுறை ரஸ்ட்டில் நிலைபெற்றது 2019 நவம்பரில், 1.39 பதிப்பில். அதற்கு முந்தைய பாடங்களைத் தொட வேண்டாம்.

நண்பர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. சாட் செயலி நிறுவனமான டிஸ்கார்ட், கோ மொழியில் ஓடிய ஒரு சர்வீஸை ரஸ்ட்டுக்கு மாற்றிய கதையை 2020இல் எழுதியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, வேண்டாத மெமரியைத் துப்புரவு செய்யும் கோவின் கார்பேஜ் கலெக்டர் தந்த தாமதம்தான் அவர்களுக்குத் தலைவலி. கல்லூரி புராஜெக்டுக்கு அந்த நெருக்கடி வராது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நோட் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆக்ஸமுக்குத் திரும்பும்போது, டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்க்யூஎல்எக்ஸ் லைப்ரரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் குவெரி மேக்ரோ கம்பைல் ஆகும்போதே டேட்டாபேஸைப் பார்த்து, நல் (மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடிய ஃபீல்டை ஆப்ஷனாகத்தான், அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற டைப்பாகத்தான், கையில் கொடுக்கும். மதிப்பு இருக்கிறது என்றே நம்பி எடுக்கும் அன்வ்ராப் போட்டுத் தாண்டிப் போகாமல், மதிப்பு இல்லாதபோது யூசருக்கு என்ன காட்டுவது என்று அங்கேயே முடிவெடுத்து எழுதுங்கள்.