கிளாஸிலிருந்து எக்ஸ்எம்எல்: கேஷே, ஐரிஸ் கேள்வி பதில்

பத்தமடையிலிருந்து: அண்ணாச்சி, பாய் வியாபாரக் கணக்கு கேஷே என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. வெளியூர் கடைக்காரர் எக்ஸ்எம்எல் ஃபைல் (ஒவ்வொரு விவரத்தையும் <பெயர்> போன்ற டேகுகளுக்குள் வைக்கும் ஃபைல்) கேட்கிறார். ரைட் கட்டளையில் ஒவ்வொரு டேகாக நானே எழுதுகிறேன். சரிதானே?

வேண்டாம் தம்பி. சரக்குப் பெயரில் 'கோரை & பட்டு' என்று ஒரு & வந்தால் போதும், அந்த ஃபைலை எதிராளி திறக்கவே முடியாது. கிளாஸின் (ஒரு வகைப் பதிவில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் வார்ப்பு) எக்ஸ்டெண்ட்ஸ் வரியில் %பெர்சிஸ்டென்ட் பக்கத்திலேயே %எக்ஸ்எம்எல்.அடாப்டரையும் சேர்த்து கம்பைல் செய்யுங்கள். அப்புறம் %எக்ஸ்எம்எல்.ரைட்டரை எடுத்து, அவுட்புட்டுஃபைல், ரூட்எலிமென்ட், ஒவ்வொரு பாய்க்கும் ஆப்ஜெக்ட், முடிவில் எண்ட்ரூட்எலிமென்ட் என்று அதன் மெத்தட்களை இதே வரிசையில் அழையுங்கள். & சமாச்சாரத்தை ரைட்டரே பார்த்துக்கொள்ளும். கேஷேக்கு அடுத்து வந்த ஐரிஸுக்கு மாறினாலும் இதே கிளாஸ்கள்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அரிசி ஆலை பில் ஒன்றை எடுத்தால் கடைக்காரர், அவருடைய ஏஜென்ட், ஏஜென்டின் ஊர் எல்லாம் சேர்ந்து வருகிறது. ஏன்?

எல்லோரும் இடறும் இடம் இது. பில்லில் கடைக்காரர் ஒரு ப்ராப்பர்ட்டி, அதாவது கிளாஸில் உள்ள ஒரு விவரம். அது இன்னொரு ஆப்ஜெக்டை, அதாவது இன்னொரு கிளாஸின் பதிவைக் காட்டுகிறது. அந்தக் கிளாஸிலும் அடாப்டர் இருந்தால், நீங்கள் ஒன்றும் சொல்லாதவரை அது முழுசாக உள்ளே வரும். அதற்குள் ஏஜென்ட், அதற்குள் ஊர் என்று கொடி பிடித்தாற்போல நீளும். பில் கிளாஸில் அந்த ப்ராப்பர்ட்டிக்கு எக்ஸ்எம்எல்ரெஃபரன்ஸ் = "ஐடி" என்று கொடுங்கள். கடைக்காரரின் ஐடி எண் மட்டும் இப்படி வரும்:

<பில்><சரக்கு>அம்பை 16</சரக்கு><கடைக்காரர்>7</கடைக்காரர்></பில்>

பெயரும் ஊரும் மட்டும் வேண்டுமானால் "சம்மரி" போட்டு, கடைக்காரர் கிளாஸில் எக்ஸ்எம்எல்சம்மரி என்ற பாராமீட்டரில் அந்த இரண்டையும் எழுதிவிடுங்கள். வாங்குபவருக்கு எது தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் எல்லாவற்றையும் அனுப்பினால், அடுத்தவர் கணக்கு விவரமும் சேர்ந்து வெளியே போய்விடும்.

தென்காசியிலிருந்து: தேதி வரவேண்டிய இடத்தில் 66854 என்று வருகிறது.

ப்ராப்பர்ட்டியை %இன்டிஜர் என்று வைத்திருப்பீர்கள். 1841 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து எண்ணும் கணக்கு அது. 66854 என்றால் 2024 தைப்பொங்கல் நாள். வகையை %டேட் என்று மாற்றி கம்பைல் செய்தால் 2024-01-15 என்றே வரும். உள்ளே சேமித்த எண்ணைத் தொடவேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து: பாஸ்வேர்டை ஃபைலில் வராமல் மறைக்க முடியுமா அண்ணாச்சி?

முடியும்மா. அந்த ப்ராப்பர்ட்டிக்கு எக்ஸ்எம்எல்ப்ரொஜெக்‌ஷன் = "நன்". வேறொரு ப்ராப்பர்ட்டிக்கு இதையே "ஆட்ரிபியூட்" என்று வைத்தால், தனி டேகாக இல்லாமல் மேல் டேகுக்குள்ளேயே பெயர்="மதிப்பு" என்ற ஆட்ரிபியூட்டாக வரும். பில் நம்பருக்கு அது நன்றாகப் பொருந்தும்.